1988 டொயோட்டா எம்ஆர்2: என் 86ஐக் கொடுத்துவிட்டு இதை வாங்கலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி, தோட்டப் பட்டறையில் போர்மனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், 1988ஆம் ஆண்டில் பதிவான டொயோட்டா எம்ஆர்2 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தகரக் கொட்டகைக்குள் வைத்துப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறார். முழங்கால் வலி காரணமாக அதில் ஏறி இறங்க அவரால் இனி முடியவில்லை. ஈப்போவில் வேலை செய்யும் அவருடைய மகனோ, அன்றாடம் ஓட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஆகவே என்னுடைய 2015ஆம் ஆண்டு டொயோட்டா 86ஐ வண்டிக்கு வண்டியாக எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு ஒரு தொகையும் தருவதாகப் பெரியவர் சொன்னார். இரண்டு சனிக்கிழமைகள் ஓட்டிப் பார்ப்பதற்கும், ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் தூக்கி வைத்துச் சோதிப்பதற்கும் தயங்காமல் சாவியைக் கொடுத்தார். அந்த மூன்று நாள்களில் கண்டதை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் என் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செம்பனை ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் பாதையில் கடைசி ஒன்பது கிலோமீட்டர் தோட்டத்துக்குள் செல்லும் சாலை. ஆறு ஆண்டுகளாக இந்த 86 என்னை ஒரு நாள்கூட நடுவழியில் நிறுத்தியதில்லை. இத்தனை காலத்தில் வழக்கமான எண்ணெய் மாற்றங்களைத் தவிர, பழுதென்று பேட்டரி ஒருமுறையும் கிளட்ச் ரிலீஸ் பேரிங் ஒருமுறையும் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். 1,998 சிசி கொண்ட அதன் பாக்சர் எஞ்சின் (பிஸ்டன்கள் எதிரெதிரே படுத்தவாறு இயங்குவது) சுபாரு நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 குதிரைத்திறன் தருகிறது. 4,000 சுற்றை ஒட்டி இழுவை சற்றுத் தொய்ந்து பிறகு மீள்வதை ஓட்டியவர்கள் எல்லாரும் அறிவார்கள், அது பழகிவிட்டது. அப்படியிருந்தும் கடந்த ஓராண்டாக அதில் ஏறும்போது பழைய ஆவல் எனக்கு வரவில்லை. வளைவுகளில் அது பேசுவதை நிறுத்திவிட்டது போல ஓர் எண்ணம். வண்டிக்கு வயதாகிவிட்டதா, எனக்கா என்று தெரியாமல் இருந்த நேரத்தில்தான் பெரியவரின் எம்ஆர்2 கண்முன் வந்தது.

1984இல் வெளிவந்த முதல் தலைமுறை எம்ஆர்2, நடுவில் எஞ்சினை வைத்து ஜப்பானில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் கார். அவ்வாண்டே ஜப்பானின் சிறந்த கார் விருதையும் பெற்றது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குறுக்காக உட்கார்ந்திருப்பது 1,587 சிசி, 16 வால்வு, இரட்டைக் கேம் கொண்ட 4ஏ-ஜிஇ எஞ்சின். கொரோலா ஏஇ86இல் இருந்ததும் இதே எஞ்சின்தான். என் 86 எந்த வண்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த வண்டியின் இதயம் இங்கே இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. திறன் ஏறத்தாழ 120 குதிரைதான். ஆனால் எடையும் ஏறத்தாழ ஒரு டன்தான். என்னுடையது 1,200 கிலோவைத் தாண்டும்.

முதல் சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே தாப்பாவைக் கடந்து, கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தேன். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரையிலான ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் நேரான துண்டு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. ஆற்றை ஒட்டியும் மூங்கில் புதர்களை ஒட்டியும் வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலையில், சுற்றுலாப் பேருந்துகளும் காய்கறி லோரிகளும் இறங்கத் தொடங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரம்தான் ஒரு காரை நிதானமாக அறிந்துகொள்ள ஏற்ற நேரம். எம்ஆர்2இல் பவர் ஸ்டீயரிங் கிடையாது. வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து வெளியே எடுக்கும்போது தோள் இறுகுகிறது. ஆனால் மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டியவுடன் அந்தக் கனம் மறைந்து, அந்த இடத்தில் வேறொன்று வந்து சேருகிறது. லத்தா இஸ்கண்டார் அருவிக்கு முன்னால் ஓர் இடது வளைவில் ஈரமான மூங்கில் இலைகள் சாலையோரம் அப்பிக் கிடந்தன. முன் இடது சக்கரம் அவற்றின் மேல் ஏறிய கணத்தில் ஸ்டீயரிங் வளையம் என் விரல்களுக்குள் ஒரு நூல் அளவு இளகி, இலைகளைத் தாண்டியதும் மீண்டும் இறுகியது. அப்போது வேகம் ஐம்பதுகூட இல்லை. என் 86இல் அதே வளைவை எழுபதில் எடுத்திருக்கிறேன். அங்கே இலைகள் கிடப்பது இதுவரை என் கைக்குத் தெரிந்ததே இல்லை.

கியர் நெம்புகோல் நீண்ட கம்பிகள் வழியே பின்னால் இருக்கும் கியர்ப்பெட்டியை இயக்குவதால் 86 அளவுக்குக் கச்சிதமாக விழவில்லை. ஆக்சிலரேட்டர் மிதியைப் பாதிக்கு மேல் அழுத்தி 4,500 சுற்றைக் கடந்ததும் எஞ்சினின் குரல் காதுக்கு அருகிலேயே கரகரப்பாக எழுந்து, ஏற்றம் முழுக்கக் கூடவே வந்தது. பேரப்பிள்ளையின் சைக்கிளைப் போல இலகுவாக இருக்கிறது என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். அதில் மிகை எதுவும் இல்லை.

இரண்டாம் சனிக்கிழமை மழையில் ஓட்டினேன். இந்த வண்டியை விரும்பும் எவரும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். எடையின் பெரும்பகுதி பின்பக்கம் இருப்பதால், வளைவின் நடுவே பயந்துபோய் மிதியிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் பின்பக்கம் வெளியே நகரத் தொடங்குகிறது. அதைப் பிடித்து நிறுத்த நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸும் இல்லை. தவறினால் தாங்கிக்கொள்ள ஏர்பேக்கும் இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தோட்டச் சந்திகளில் இழுத்துவிடும் செம்மண் சேறும், உருண்டு விழுந்த பழங்கள் நசுங்கி வழவழக்கும் தாரும் எங்கள் பக்கத்துச் சாலைகளின் அன்றாட நிலை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை பின்பக்கம் ஓரடி விலகியது. வேகம் குறைவாக இருந்ததால் சரிசெய்ய முடிந்தது; வீடு வந்து சேரும் வரை கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பட்டறையில் வண்டியைத் தூக்கிய நாள்தான் என் முடிவுக்கு அடித்தளம் போட்டது. "தம்பி, அடியில ரெண்டு குழா ஓடுது, அத மொத பாரு, மத்ததெல்லாம் அப்புறம்" என்று பெரியவரே சொன்னார். இந்த வண்டியில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். ஆகவே குளிர்விக்கும் நீர் காரின் அடிவயிறு நெடுகிலும் இரும்புக் குழாய்களில் போய்த் திரும்புகிறது. அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும், நீர் மாற்றும்போது உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிட்டாலும் எஞ்சின் கொதித்துத் தலைப்பகுதி வளைந்துவிடும். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னிருந்து பின்னாக விரலால் தடவிக்கொண்டே போனேன். பின்பக்க இணைப்பில், முந்தைய உரிமையாளர் காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் போட்ட பளபளக்கும் புதுக் கவ்வி ஒன்று, விரல் நகம் பட்டாலே பொடியாக உதிரும் பழைய ரப்பர்க் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழ்விளிம்பில் தேங்கி நின்ற துளியைத் தொட்டுப் பார்த்தால் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. இரண்டு வகைக் கூலண்டையும் கலந்து ஊற்றியதால் வந்த, தேநீர்ச் சக்கையின் நிறம். பெரியவர் மறைக்கவில்லை. தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றும், சொட்டு அதிகமாகாததால் தள்ளிப்போட்டுவிட்டதாகவும் சொல்லி வருத்தப்பட்டார். பழைய வண்டி வாங்கும்போது எத்தனையோ பேர் தள்ளிப்போட்ட வேலைகளையும் சேர்த்து வாங்குகிறோம் என்று எனக்குப் பட்டது. என் 86இல் எந்தப் போல்ட்டை யார் எப்போது கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்சக்கர வளைவுகளில் துரு தொடங்கியிருக்கிறது. முன்பக்கம் உதிரிச் சக்கரம் வைக்கும் குழியில் ஈரம் இருந்தது. ஐந்தாம் கியர் தானாகக் கழன்று வெளியே வருவது இவ்வகை வண்டிகளின் பலரறிந்த குறை. இதில் அது இல்லை. ஏர்கோன் அந்தக் காலத்து ஆர்12 குளிரூட்டும் வாயுவுக்காக வடிவமைக்கப்பட்டு, பின்னர் ஆர்134ஏவுக்கு மாற்றப்பட்டது. காலையில் போதுமானது, நண்பகலில் போதாது. எஞ்சின் உதிரிப்பாகங்களைப் பற்றி அச்சமில்லை. 4ஏ-ஜிஇ பல கொரோலாக்களிலும் இருந்ததால், ஹாஃப்-கட் கடைகளில் (கழித்த வண்டிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் இடங்களில்) சொல்லி வைத்தால் கிடைக்கும். கண்ணாடி ஓர ரப்பர், விளக்கு மூடி, உள்ளலங்காரப் பிளாஸ்டிக் போன்றவைதான் ஆளை அலையவைக்கும்.

செலவுக் கணக்கில் எம்ஆர்2 ஓரிடத்தில் என்னை ஆசைகாட்டியது. தீபகற்ப மலேசியாவில் 1,600 சிசிக்குள் அடங்கும் என் போன்றோரின் இத்தகைய தனியார் காருக்குச் சாலை வரி 90 வெள்ளி (ரிங்கிட்). என் 1,998 சிசிக்கு ஆண்டுக்கு 379 வெள்ளி கட்டுகிறேன். ஆனால் ஆண்டுக்கு மிச்சமாகும் அந்த 289 வெள்ளி, அடியில் ஓடும் இரண்டு குழாய்களைப் புதிதாகச் செய்து போடும் கூலிக்கே காணாது. காப்புறுதியைப் பொறுத்தவரை, ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் சேர்த்த 55 விழுக்காட்டுக் கழிவை வண்டி மாறினாலும் கூடவே எடுத்துச் செல்லலாம். அதைவிட முக்கியமானது, இவ்வளவு பழைய வண்டிக்குச் சந்தை மதிப்பில் காப்புறுதி எடுக்காமல், முன்கூட்டியே பேசி முடித்த மதிப்பில் எடுப்பது. இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு கைக்கு வரும் தொகை மனத்தை உடைத்துவிடும். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றில்) இருப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். காலப்போக்கில் எஞ்சின் மாற்றப்பட்ட பழைய வண்டிகள் பல இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பெரியவரின் வண்டியில் இரண்டும் சரியாகவே இருந்தன.

எங்கள் வீட்டில் 86தான் ஒரே கார். இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தால் தாப்பா மருத்துவமனைக்கு அதில்தான் போக வேண்டும். அப்படி இரண்டு முறை போயிருக்கிறேன். தங்கையும் கூட வந்தாள், குறுகலான பின்னிருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு. எம்ஆர்2இல் அந்தப் பின்னிருக்கையே இல்லை. தோட்டத்துச் சாலையின் நடுவில் கைப்பேசித் தொடர்பு அறுந்துபோகும் நாலைந்து கிலோமீட்டர் இருக்கிறது. பெருநகரில் வண்டி நின்றுவிட்டால் வாடகைக் கார் அழைக்கலாம். இங்கே இருட்டில் செம்பனை வரிசைகளுக்கு இடையே நின்றுகொண்டு, ஆலை லோரி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தத் தேநீர் நிறத் துளியைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது இந்தச் சாலைதான்.

அப்படியானால் மலையில் கண்ட அந்த இன்பத்தை என்ன செய்வது? இதை மட்டும் ஒரு வாரம் யோசித்தேன். எம்ஆர்2இன் சக்கரங்களில் இருந்தவை அதன் பழைய அளவான 185/60, 14 அங்குல டயர்கள், அதாவது 185 மில்லிமீட்டர் அகலம். என் 86 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 215/45, 17 அங்குல மிஷலின் பிரைமஸி டயர்கள் இருந்தன. பிடிமானத்தைக் குவிப்பதைவிட, குறைந்த வேகத்திலேயே வண்டியின் அசைவை ஓட்டுநருக்குத் தெரியவைப்பதே தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடாவின் குழு கொண்டிருந்த நோக்கம். நானோ ஒன்றரை ஆண்டுக்கு முன், தோற்றத்துக்காகவும் நண்பர்கள் சொன்னதற்காகவும், 18 அங்குலச் சக்கரமும் 235 அகல டயரும் போட்டு, கூடவே தாழ்வான, விறைப்பான ஸ்பிரிங்கும் பூட்டியிருந்தேன். வண்டி மௌனமானதும் அதற்குப் பிறகுதான். இதை உணர்ந்துகொள்ள எனக்கு 1988ஆம் ஆண்டு வண்டி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே மாற்றிக்கொள்ளவில்லை. கிடங்கில் கிடந்த பழைய 17 அங்குலச் சக்கரங்களை எடுத்துப் புதிய 215 டயர் போட்டேன். பழைய ஸ்பிரிங்குகளையும் திரும்பப் பூட்டினேன். 86இன் ஸ்டீயரிங் மின்சாரத்தால் உதவப்படுவது. எம்ஆர்2 போல அது ஒருபோதும் பேசாது, அந்த வேறுபாட்டை மறைக்க மாட்டேன். ஆனால் கடந்த ஞாயிறு காலை அதே இடது வளைவில், அதே ஐம்பதில், பின்பக்கம் மெல்லச் சாய்ந்து தன் எடையை வெளிச்சக்கரத்தின் மேல் வைப்பதை இடுப்பால் உணர்ந்தேன். ஓராண்டாகக் காணாமல் போயிருந்தது அதுதான்.

வீட்டில் அன்றாடப் பயன்பாட்டுக்கென வேறொரு கார் இருப்பவர், மழைநாளில் சாவியைத் தொடாமல் இருக்கக்கூடியவர், குழாய்களையும் ரப்பர்களையும் முதல் மாதத்திலேயே மொத்தமாக மாற்றிவிடும் அளவுக்குப் பணத்தைத் தனியே எடுத்து வைத்திருப்பவர் என்றால், பெரியவரின் எம்ஆர்2ஐத் தயங்காமல் வாங்கலாம். துரு பரவுவதற்குள் வாங்க வேண்டும். நான் பார்த்த குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். "குழாய நானே செஞ்சு போட்டுட்றேன் தம்பி, அப்புறந்தான் யாருக்கும் குடுப்பேன்" என்றார். நேற்று அந்தப் பக்கம் போனபோது வண்டி மரக்கட்டைகளின் மேல் ஏறியிருந்தது. பழைய குழாய்கள் இரண்டும் கொட்டகை வாசலில் கழற்றிப் போடப்பட்டிருந்தன.