முன்கண்ணாடி: கம்பனியா, சீனாவா, கழற்றியதா?

செங்கலடி–பதுளை வீதியில் கிறவல் டிப்பரை ஒட்டிப் போனால் கண்ணாடியில் கல் விழத்தான் செய்யும். விழுந்த புள்ளி ஐந்து ரூபாய்க் காசுக்குள் அடங்கி, ஓட்டுநரின் நேர்பார்வையிலும் விளிம்பிலும் இல்லாவிட்டால் ரெசின் என்ற திரவப் பசையைப் புள்ளிக்குள் இறக்கினாலே போதும். வெடிப்பு விளிம்பைத் தொட்டுவிட்டால் மாற்றத்தான் வேண்டும். இன்சூரன்ஸ் கேட்பதானால் கழற்றுமுன் அறிவித்துப் படமும் எடுத்து வையுங்கள்.

மாற்றுவதானால் தெரிவுகள் மூன்று: ஏஜண்டிடம் கம்பனிக் கண்ணாடி, சீனப் புதுக் கண்ணாடி, வேறு வாகனத்தில் கழற்றிய பாவித்த கண்ணாடி. "ஜப்பான் ஒரிஜினல்" என்று வரும் பாவித்த கண்ணாடியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய பசையிலிருந்து வெட்டி எடுக்கும்போது விளிம்பில் நகக்கண் அளவு சில்லுப் போனாலும், பூட்டிய சில நாளில் அங்கிருந்தே கோடு ஓடும். வைப்பர் கீறல் பகலில் தெரியாது. இரவில் எதிர் வாகன வெளிச்சம் பட்டால் கண் கூசும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து லொறியில் எடுப்பித்தால், படுக்கப் போடாமல் நிறுத்தி ஏற்றச் சொல்லி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

சீனப் புதுக் கண்ணாடி, கமரா இல்லாத வாகனத்துக்குத் தாராளமாகப் போதும். தரத்துக்கு அடையாளமாக மூலையில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E) எழுத்தும் எண்ணும், அருகே 43ஆர் (43R) என்பதும் இருக்கவேண்டும். ரோமன் இரண்டு (II) இருந்தால் அது சாதாரண லமினேட்டட், அதாவது நடுவில் பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி. அடையாளம் எதுவுமில்லாததை மலிவென்று வாங்காதீர்கள். வளைவு சரியில்லாவிட்டால் ஓரத்தில் வீதி நெளிந்து தெரியும்.

பிந்திய வகன் ஆர், அக்குவா சிலவற்றைப் போல நடுக்கண்ணாடிக்குப் பின்னால், வீதியைப் பார்த்து பிரேக் எச்சரிக்கை தரும் கமரா இருந்தால், ஏஜண்டிடம் கம்பனிக் கண்ணாடியே நல்லது. விலை வலிக்கும்தான். ஆனால் கமரா பார்க்கும் இடத்தில் கண்ணாடி சற்றே நெளிந்திருந்தாலும் அந்த எச்சரிக்கை பிழையாகும். எதைப் பூட்டினாலும் கமராவைத் திரும்பச் சீர்செய்ய வேண்டும். அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

கண்ணாடியைவிடப் பசையில்தான் கூடுதலாகக் கெடுகிறது. ஒட்டும் கண்ணாடிக்கு யூரிதேன் என்ற பசை வேண்டும். பாத்ரூம் சிலிக்கன் அல்ல. விபத்தில் பயணிப் பக்க எயார்பேக் விரிந்து சாய்வதே இந்தக் கண்ணாடியில்தான். பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் விட்டுச் சீவி, கத்தி பட்டு பெயின்ற் போன இடத்துக்கு பிரைமர் என்ற அடிப்பூச்சு பூசவேண்டும். பூசாவிட்டால் கல்லடி, காத்தான்குடி உப்புக்காற்றில் அந்த இடம் துருப்பிடித்து, பசை துருவோடு கழன்று வரும். யூரிதேன் காற்றின் ஈரத்தில் இறுகுவது. என்றாலும் ஒட்டும் தகடு நனைந்திருந்தால் பிடிக்காது. மாரியில் கூரையில்லாத கராஜில் கொடுக்காதீர்கள்.

பசையில்லாமல் ரப்பர் பீடிங்கில் (விளிம்புப் பட்டியில்) கண்ணாடி நிற்கும் ஓட்டோவுக்கு இந்தக் கவலை இல்லை. சவர்க்காரத் தண்ணீர் தடவி, பீடிங் பள்ளத்தில் கயிறு விட்டு இழுத்தால் கண்ணாடி உட்காரும். பீடிங் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

பசையால் ஒட்டிய வாகனத்தை எப்போது ஓட்டலாம் என்பதைப் பசைக் குழாயில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்து முடிவெடுங்கள். முதல் நாள் பக்கக் கண்ணாடியை விரல் அகலம் இறக்கி வையுங்கள். கதவை அறைந்தால் உள்ளே அடைபடும் காற்று ஈரப் பசையைத் தள்ளிவிடும். மறுநாள் குழாய்த் தண்ணீரை மெதுவாகக் கீழிருந்து மேலே விட்டு ஒழுக்குப் பாருங்கள்.