நட்டதும் துவளும் சக்குலென்ட்: கோத்தகிரியில் ‘காய்ந்த மண்’ முறை எப்படி?

சதைப்பற்றான இலையில் தண்ணீர் சேர்த்துவைக்கும் சக்குலென்ட் செடியைத் தொட்டி மாற்றும்போது, காய்ந்த மண்கலவையில் நட்டுவிட்டு ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரே காட்டாமல் விடுவதுதான் இந்த முறை. சில வருஷங்களாக எங்கள் வீட்டுத் திண்ணையில் இதைத்தான் செய்துவருகிறேன். சக்குலென்ட் வகைகளில் எச்செவேரியா, ஜேட் இரண்டுக்கும் பிரமாதம். ஹாவொர்தியாவுக்குப் பொறுமை வேண்டும். லித்தாப்ஸ் இந்த மூடுபனிக்கு வேண்டவே வேண்டாம், காசுக்குக் கேடு.

‘வாரம் ஒரு தண்ணீர்’ என்று யூடியூபில் சொல்வதெல்லாம் சமவெளிக் கணக்கு. தொட்டபெட்டா மலை தடுப்பதால் கோத்தகிரிக்குத் தென்மேற்கு மழை கொஞ்சம் குறைவு. வடகிழக்குப் பருவத்தில்தான் வெளுத்து வாங்கும். அக்டோபர், நவம்பரில் மஞ்சு (மூடுபனி) இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணியே காய்வதில்லை, தொட்டி மண் எங்கே காயப்போகிறது?

பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்: “ஏங் கண்ணு, செடி இப்படித் தொங்குது, ஒரு சொம்பு தண்ணி ஊத்தக் கூடாதா?”

“வேர் புடிக்கட்டுங்கம்மா.”

விஷயம் அவ்வளவுதான். தொட்டி மாற்றும்போது தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் அறுந்துவிடுகின்றன. புதுத்தூவி வரும்வரை செடி இலையில் சேர்த்துவைத்ததை எடுத்துச் செலவழிக்கிறது, அதனால் துவள்கிறது. இவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பவை. செலவு குறைவு, ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீரைக் குடிக்க வேர் இல்லை. ஆறாத காயத்தில் ஈரம் நின்றால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

ஆனால் எல்லாத் தொங்கலும் ஒன்றல்ல. அடி இலையைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தாகத்தில் வாடிய இலை நமுத்த அப்பளம் மாதிரி வளையும், மேலே சுருக்கம் விழுந்திருக்கும், ஆனால் தண்டை விடாது. அழுகிய இலை மஞ்சளாக, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். விரல் பட்டாலே கையோடு வந்துவிடும். மூன்றாவது வகை ஒன்று உண்டு, மலைக்காரர்கள் அதிகம் பார்ப்பது: நாள்கணக்கில் வெயில் இல்லாவிட்டால் எச்செவேரியா கெட்டியான இலைகளையே கீழ்நோக்கிச் சாய்த்து, நடுத்தண்டை நீட்டும். அது வெளிச்சப் பசி. வேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தொட்டியை வெளிச்சத்துக்கு நகர்த்தினால் போதும். அதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும். மஞ்சு விலகியதும் அடிக்கிற மலை வெயிலில் சட்டென்று வைத்தால் இலை வெந்து பழுப்புத் தழும்பு விழும். அந்தத் தழும்பு பிறகு மாறாது.

அழுகல்தான் என்று தெரிந்தால் தாமதிக்காமல் கத்தியை எடுக்க வேண்டும். தண்டைக் குறுக்கே வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் குண்டூசித் தலையளவு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் அழுகல் மேலேறிவிட்டது என்று அர்த்தம். கத்தியைத் துடைத்து, இன்னும் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டும். வெட்டுமுகம் முழுக்க வெளுத்த பச்சையாகத் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. பிறகு வெட்டிய மேல்துண்டைச் செய்தித்தாள் மேல் நிழலில் கிடத்திவிடுகிறேன். சமவெளியில் சீக்கிரம் காயும் வெட்டு, இங்கே மழைநாளில் காய ரொம்ப நாள் எடுக்கும். வெட்டுமுகம் தக்கைபோல இறுகாமல் நடுவதே இல்லை. வேர் வராவிட்டாலும் பயம் வேண்டாம், நல்ல இலை ஒன்றிரண்டைப் பிய்த்து வைத்தால் அதிலிருந்தே குட்டி கிளம்பும். நம்மூர் ரணகள்ளி செய்வதும் இதையேதான், அதுவும் எச்செவேரியா, ஜேட் குடும்பம்தான்.

கலவை பற்றி. நர்சரியிலிருந்து வருவது பெரும்பாலும் முழுக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). ஈரமானால் விடாது, ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காமல் ஓரமாக ஓடவிடும். வேரைச் சுற்றி இருப்பதை முடிந்தவரை உதிர்த்துவிடுகிறேன். அப்போதே வேரில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கணும். வேர் மாவுப்பூச்சி இருந்தால் என்ன மண் போட்டாலும் செடி தொங்கும். நம் தோட்டத்துச் செம்மண் கேரட்டுக்குச் சரி, இதற்குக் களித்தன்மை அதிகம். நான் போடுவது பாதிக்கு மேல் செங்கல் உடைசலும் கழுவிச் சலித்த எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), கொஞ்சம் கரித்தூள், மிச்சம் மண்ணும் மக்கிய உரமும். எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் மாவு அடியில் சிமென்ட் மாதிரி இறுகும். பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல் லேசு, நல்லது, ஆனால் தண்ணீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வருவது எரிச்சல்.

மண்தொட்டிதான் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே ஒரு மழைக்காலம் தாண்டினால் வெளிப்புறம் முழுக்கப் பாசி. மேலே பாலிகார்பனேட் ஷீட் இருந்தால் நிறைய ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டியே எனக்குப் போதுமாக இருக்கிறது. தூக்கிப் பார்த்து எடையிலேயே ஈரத்தை ஊகிக்கலாம். ஷீட் இல்லாத வீட்டில் எந்தத் தொட்டியும் உதவாது.

ஊட்டிப் பக்கம், குறிப்பாகத் தலைகுந்தா, காந்தல் மாதிரி உறைபனி படியும் பள்ளத்தில் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் தண்ணீரை அடியோடு குறைத்து, ராத்திரி உள்ளே எடுத்து வையுங்கள். நீர் நிரம்பிய இலை உறைந்தால் விடிந்ததும் கறுத்துக் கூழாகிவிடும்.

தொட்டி மாற்ற இங்கே நல்ல காலம் பிப்ரவரியும் மார்ச்சும். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வந்து வாங்கிப் போகிறவர்கள் உடனே தொட்டி மாற்ற வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதுமே செடிக்கு வேறு ஊர், வேறு வெயில். நர்சரித் தொட்டியோடு கிழக்கு ஜன்னலோரம் கொஞ்ச நாள் இருக்கட்டும், கோகோபீட் முழுக்கக் காய்ந்த பிறகு பிரியுங்கள்.