டிராக்கன்ஸ்பர்க் மலைப்பயணம்: பர்மிட், கைடு எல்லாம் அடக்கம் என்று சொன்னவரிடம் ஏமாந்த கதை

தைப்பூசம் முடிந்த மறுவாரம், தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரத்தை நம்பி டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடருக்குப் போய் வந்தோம். நானும் மனைவியும், மச்சானும், அவன் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும். நடத்தியவர் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் அவர் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பதால் இதைத் தள்ளிப்போட மனமில்லை.

விளம்பரம் தமிழில் இருந்தது. மேலே ஒரு வேல், கீழே அருவி, நடுவில் ‘குன்றுதோறும் குமரன்’. நாங்கள் விழுந்தது அங்கேதான். போன் செய்தால், “அண்ணா, நீங்க பையை மட்டும் தூக்கிட்டு வாங்க, மத்ததெல்லாம் நம்ம பொறுப்பு” என்றார். தலைக்கு 1,450 ராண்ட். காலை 4 மணிக்குப் புறப்பாடு, நடைபாதை தொடங்கும் சென்டினல் கார் பார்க் வரை ஃபோர் பை ஃபோர் வண்டி, பர்மிட், பதிவு பெற்ற கைடு, மதியச் சாப்பாடு. ஐந்து பேருக்கு 7,250 ராண்டையும் முன்கூட்டியே கட்டினோம்.

வண்டி வந்தது ஆறேகாலுக்கு. சாதாரண டாக்ஸி வேன். ஹாரிஸ்மித் வழியாக நாலரை மணி நேர ஓட்டம். விட்சீஸ்ஹூக் விடுதியைத் தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாக இருக்கும், அதில் இந்த வேன் ஏறாது. அது டிரைவருக்கு முன்பே தெரியும் போல, விடுதி வாசலில் நிறுத்திவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார். விடுதியின் ஜீப்புக்கு நாங்களே தனியாகக் காசு கொடுத்து மேலே போனோம். சாப்பாடு ஆளுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கேட்டில் கைடு ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். அங்கிருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது போன அக்டோபர் ரசீது, அதுவும் இரண்டு பேருக்கு என்றார். பழைய ரசீதின் ஜெராக்ஸ்! பர்மிட்டுக்கும் மறுபடி பணம் கட்டினோம். அவர் மலைப் பதிவேட்டை எங்கள் பக்கம் தள்ளியபோது, “அதெல்லாம் நான் எழுதிக்கிறேன், நேரமாச்சு, நடங்க” என்று கைடு எங்களைக் கிளப்பினார். மணி அப்போதே பன்னிரண்டு.

கார் பார்க்கே 2,500 மீட்டருக்கு மேல். அங்கிருந்து சென்டினல் சிகரத்தின் அடிவாரத்தைச் சுற்றிப் பாதை வளைந்து வளைந்து போய்ச் சங்கிலி ஏணிகளில் முடிகிறது. பாறையில் அடித்த இரும்பு ஏணிகள், செங்குத்தாக இரண்டு அடுக்கு. அவற்றில் ஏறினால் 948 மீட்டர் துகேலா அருவியின் தலைமாட்டுக்குப் போகலாம். தைப்பூசம் வரும் சமயம் இங்கே கோடைக்காலம், மத்தியானம் ஆனால் இடி இடிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் விடியும்போதே நடக்கத் தொடங்கி, மேகம் கூடுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் ஏணிக்குப் போய்ச் சேர்ந்ததே இரண்டு மணிக்கு.

மனைவி முதல் ஏணியில் பாதி ஏறியிருந்தாள். பக்கத்து நாடான லெசோத்தோ பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. முதல் இடி கேட்டதும் கைப்பிடிக்கும் இரும்பு நடுங்கியதாக அவள் இன்றைக்கும் சொல்கிறாள். இடியில் ஏணி நடுங்குமா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற நிலைமையிலும் இல்லை. “இறங்கு, இறங்கு” என்று கத்தினேன். எங்களுக்கு முன்னால் ஏறிவிட்ட கைடு மேலே நின்று, “ஒண்ணும் ஆகாது, வாங்க” என்றார். ஏணியைத் தொடாமல் இறங்க வேறு வழி உண்டா என்று மச்சான் கேட்டான். இல்லவே இல்லை என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான தம்பதி நனைந்துகொண்டே வந்தார்கள். மேலிருந்து ஏணி இல்லாமல் பாறை இடுக்கு வழியாகவே இறங்கி வந்தவர்கள்! அந்த இடுக்குப் பாதை அங்கே போகிற எல்லாருக்கும் தெரிந்ததாம். நம்மாளுக்குத் தெரியவில்லை. கான்வாஸ் ஷூ, மழைக்கோட்டு இல்லை, முதலுதவிப் பை இல்லை. 2014 சுற்றுலாச் சட்டப்படி கைடு பதிவு செய்திருக்க வேண்டும், அட்டையும் பேட்ஜும் வைத்திருக்க வேண்டும். காலையிலேயே நான் அதைக் கேட்டிருக்கலாம். நம்ம ஆள் என்ற நினைப்பில் கேட்கவில்லை. அது என் தப்புதான்.

அந்தத் தம்பதி பின்னாலேயே ஆலங்கட்டி மழையில் இறங்கினோம். கேட்டுக்கு வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அந்த அம்மா போய்விட்டார், காவலர் ஒருவர் மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டு, டார்ச் அடித்து அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அன்றைக்கு ஏறினவர்கள் பெயர், ஊர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று வரிசையாக இருந்தது. மலையில் யாராவது மாட்டிக்கொண்டால் அந்த நோட்டை வைத்துத்தான் தேடத் தொடங்குவார்களாம். அதில் எங்கள் ஐந்து பேர் பெயரும் இல்லை. எல்லாரும் இறங்கியாச்சு என்று நினைத்தேன் என்றார் காவலர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “பத்திரமா வந்து சேர்ந்துட்டீங்கல்ல அண்ணா, அப்புறம் என்ன?” என்று பதில் வந்தது. அடுத்த நாள் என் நம்பர் பிளாக். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் எழுதி, அந்த அக்டோபர் ரசீதின் போட்டோவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

நேற்று நண்பர் ஒருவர் புது விளம்பரத்தை எனக்கு ஃபார்வர்ட் செய்தார். அதே வேல், அதே வரி. அருவி இருந்த இடத்தில் இந்தத் தடவை ஏணி. ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்பது என் மனைவி.