குளோர்ஹெக்சிடின் ஜெல் டிரெஸ்ஸிங்: ஐசியு நர்ஸாக என் கருத்து

சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தநாளம் வரை செலுத்தும் மெல்லிய குழாய்) போட்ட இடத்தில் கண்ணாடி போலத் தெரியும் இந்த டிரெஸ்ஸிங்கை ஒட்டினால், தோல் சிவந்திருக்கிறதா, சீழ் கட்டுகிறதா என்று பிரிக்காமலே பார்த்துவிடலாம், எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். ஜெல்லில் 2% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி இருப்பதால் தோலிலுள்ள கிருமிகள் குழாயோரமாக ரத்தத்துக்குள் இறங்குவது குறைகிறது. காஸ் துணி வைத்துக் கட்டினால் 2 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இது 7 நாள் வரை தாங்கும். ஆனால் வியர்த்தாலோ ரத்தம் கசிந்தாலோ ஓரம் தூக்கிக்கொள்ளும், அப்போது நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிடுங்கள். விலை அதிகம்தான். குறைமாதக் குழந்தைகளுக்கு வேண்டாம், தோல் புண்ணாகலாம். அப்புறம், இதை ஒட்டியாச்சே என்று கை கழுவாமல், ஹப்பை (குழாயில் மருந்து ஏற்றும் முனையை) ஆல்கஹாலால் தேய்க்காமல் மருந்து ஏற்றாதீர்கள். லைன் இன்னும் தேவையா என்று தினமும் ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேளுங்கள்.