‘முதல் பதிப்பு’ என்று நம்பி மூன்று மாதப் புத்தகப் பணத்தை விட்டேன், உஷார்

கை இன்னும் நடுங்குகிறது. பழைய புத்தகம் வாங்கி விற்கும் ஒரு செயலியில், மூன்று மாதப் புத்தகப் பணத்தை மொத்தமாகக் கொட்டி ஒரு நாவல் வாங்கினேன். வந்திருப்பது 32 பக்கம் இல்லாத பிரதி. நீங்களாவது ஏமாறக் கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

நாவல், உம்பர்த்தோ எக்கோவின் ‘ஃபூக்கோஸ் பெண்டுலம்’. இத்தாலிய மூலம் 1988இல் வந்தது, வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1989இல். அந்த 1989 கெட்டி அட்டைப் பிரதி என்று சொல்லித்தான் விற்றவர் விலை வைத்திருந்தார். அட்டை, முதுகு, பதிப்புரிமைப் பக்கம் என்று படமெல்லாம் போட்டிருந்தார். ஆனால் என்னை விழ வைத்தது அவர் பேச்சுதான். “என் அண்ணன் பொத்திப் பொத்தி வைத்திருந்தது சார். முதல் நூறு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள், அப்புறம் கீழே வைக்க மாட்டீர்கள்” என்றார். இவ்வளவு ரசித்துப் படித்தவர் ஏமாற்றுவாரா? அந்த நிமிடமே பணத்தை அனுப்பிவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இரவு பூட்டும்வரை கதைசொல்லி பெரிஸ்கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தொடக்கம் அபாரம். மிலானில் பதிப்பக ஆட்கள் மூவர் விளையாட்டாக ஒரு சதித்திட்டத்தைக் கட்டுவதும், மற்றவர்கள் அதை நிஜம் என்று நம்பித் துரத்துவதும் அருமை. ஆனால் நடுவில் 1307இல் கைதான டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்கள், ரோசிக்ருசியர் என்ற ரகசியச் சங்கத்தார், கபாலா என்ற யூத மறைஞானம், பிரேசில் சடங்கு என்று கதை எங்கெங்கோ போய்விடுகிறது. பல இடங்களில் அலுத்துவிட்டது. அதனால்தான் 105ஆம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நின்று அடுத்த பக்கம் வேறு எதையோ பேசியபோதும், இதுவும் எக்கோவின் வேலைதான் என்று படித்துக்கொண்டே போனேன்.

மறுநாள்தான் பக்க எண்ணைப் பார்த்தேன். இரண்டு ஃபாரம், அதாவது பதினாறு பதினாறு பக்கமாகச் சேர்த்துத் தைத்த இரண்டு கட்டு, அப்படியே காணோம். விரித்துப் பிடித்தால், தையல் நூல் அறுந்த இடத்தில் புதுப் பசை வெள்ளையாகப் பளபளக்கிறது. தெரியாமல் நடந்ததில்லை இது.

நூலகப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். போன பக்கங்களில் 106ஆம் அத்தியாயம் இருக்கிறது. டெம்ப்ளர் ரகசியம் என்று மூவரும் தலையில் தூக்கிவைத்து ஆடிய காகிதம், ஒரு வியாபாரியின் சரக்குப் பட்டியலாகத்தான் இருக்க வேண்டும் என்று கதைசொல்லியின் துணைவி லியா நிதானமாகப் பிரித்துக் காட்டும் இடம். 120 அத்தியாயங்களில் எனக்கு மூச்சு விடக் கிடைத்தது அங்கேதான். நாவல் மேல் இருந்த எரிச்சலில் பாதி அதைப் படித்ததும் போய்விட்டது. அதைப் பிய்த்துவிட்டா என்னிடம் மூன்று மாதப் பணம் வாங்கினார்?

கேட்டேன். முதல் நாள் பதிலே இல்லை. இரண்டாம் நாள், “அந்த நாவலே அப்படித்தான் சார், தாவித் தாவித்தான் போகும்.” பக்க எண்களைப் படம் எடுத்து அனுப்பினேன். “நான் அனுப்பும்போது சரியாகத்தான் இருந்தது.” அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார். செயலிக்காரர்களோ, கிடைத்த 7 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். அறுநூறு பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகத்தை 7 நாளில் யார் முடிப்பது? மறுபடி எழுதினால் ‘விற்பவரிடம் பேசுங்கள்’. மூன்றாம் முறை, புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். மூன்று மாதப் புத்தகப் பணம், ஒரு காசு திரும்பி வரவில்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பழைய புத்தகம் வந்ததும் படிக்க உட்காராதீர்கள், முதலில் பக்க எண்களை மட்டும் கடைசிவரை புரட்டிப் பாருங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். புதுப் பசை தெரிந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

இன்று காலை நண்பரின் கணக்கில் போய்ப் பார்த்தேன். அதே ஆள் இன்னொரு ‘முதல் பதிப்பு’ போட்டிருக்கிறார். அதுவும் அண்ணன் பொத்தி வைத்திருந்ததாம்.