பையன்களை நம்பி இறங்கலாமா? மெல்பர்ன், பிரிஸ்பேன், ஜீலாங் காட்டிய மூன்று வழிகள்

ஆஸ்திரேலிய ஃபுட்பால் நம்மூர்க் கால்பந்து அல்ல; முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுவது. அதன் தேசிய லீகான ஏ.எஃப்.எல்.-இல் சரிந்துபோன அணியைப் பணத்தைக் கொட்டி ஒரே ஆண்டில் நிமிர்த்திவிட முடியாது. சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. புது ஆட்கள் முக்கியமாக ஆண்டு இறுதியில் நடக்கும் டிராஃப்ட் வழியாகத்தான் வருவார்கள்; அதில் கிளப்புகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தேர்வு. அப்படி வருபவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த 18 வயதுப் பையன்கள்.

பக்கத்துக்கு 18 பேர், நான்கு கால்பகுதிகள், நிற்காத ஓட்டம், மோதல். எதிரே நிற்பவன் ஏழெட்டு ஆண்டுகள் உடம்பை இறுக்கிய 27 வயது ஆள். கிரிக்கெட்டில் புதுப் பையனை ஏழாவதாக இறக்கி, ஃபீல்டிங்கில் ஓரமாக நிறுத்திச் சமாளிக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. பந்து எங்கிருந்தாலும் அவனைத் தேடி வந்துவிடும். அதனால் இளம் அணியை எப்படிக் கட்டுவது என்பதில் கிளப்புகள் ஆளுக்கொரு வழியில் போயிருக்கின்றன. அவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மெல்பர்ன் கிளப், அதாவது 'டீமன்ஸ்'. 2008, 2009 இரண்டு ஆண்டும் கடைசி இடம். பரிசாக 2009 டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வுகளும் அவர்களுக்கே கிடைத்தன: டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ். இனி எல்லாம் இளைஞர்கள்தான் என்ற முடிவுக்கு நிர்வாகம் வந்தது. 2010 முடிவில் கேப்டன் ஜேம்ஸ் மெக்டொனால்டையே வழியனுப்பி வைத்தார்கள். பந்துக்குள் தலையைக் கொடுத்து விழுகிற வகை ஆட்டக்காரர் அவர். புள்ளிவிவரத் தாளைப் பார்த்தால் அவர் இடத்தை ஒரு பையனுக்குக் கொடுப்பது சரி என்றுதான் தோன்றும்.

2011 ஜூலை 30 அன்று ஜீலாங் மைதானத்தில் அதற்கு விலை கொடுத்தார்கள். ஜீலாங் 233, மெல்பர்ன் 47 (ஒரு கோலுக்கு 6 புள்ளி). வித்தியாசம் 186. இன்றைக்கும் மெல்பர்ன் ரசிகரிடம் '186' என்று மட்டும் சொன்னால் போதும், முகம் மாறிவிடும். கோச் டீன் பெய்லியின் வேலை உடனே போனது. அந்த ஆண்டு முடிவில் ஸ்கல்லி புதிய அணியான கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போனார். 2012-இல் 20 வயது டிரெங்கோவை, ஜாக் கிரைம்ஸுடன் சேர்த்துக் கேப்டன் ஆக்கினார்கள். லீக் வரலாற்றிலேயே மிக இளைய கேப்டன் அவர்தான். தன் ஆட்டத்தையே இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற பையனிடம் அணியை நடத்து என்பது என்ன கணக்கோ! அடுத்து வந்த கோச்சையும் 2013 நடுவிலேயே அனுப்பினார்கள்; அந்த ஆண்டு வெற்றி இரண்டே இரண்டு.

இதில் ஒரு வேடிக்கை. மெல்பர்ன் வேண்டாம் என்ற மெக்டொனால்டை 2012-இல் களத்தில் இறக்கியது அதே வெஸ்டர்ன் சிட்னி. பையன்கள் நிறைந்த அணிக்கு ஓய்வு பெறும் வயதில் இருந்தவர்கள் நாலைந்து பேர் தேவை என்று அவர்கள் தேடிப் பிடித்தார்கள். லூக் பவர், சாட் கார்ன்ஸ், டீன் புரோகன் ஆகியோரும் அப்படி வந்தவர்களே. முதல் ஆண்டில் 2 வெற்றி, மறு ஆண்டில் 1 என்று அந்த அணியும் அடி வாங்கியது. ஆனால் 2016-இல் பிளேஆஃப், அதாவது முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் கடைசிக் கட்டம்; 2019-இல் இறுதிப் போட்டி. வெஸ்டர்ன் சிட்னிக்கு ஓராண்டு முன்பு, 2011-இல் களமிறங்கிய கோல்ட் கோஸ்ட் அணிக்கும் டிராஃப்டில் சலுகைகள் தாராளம். உலகத்தரமான கேரி ஆப்லெட் கேப்டன். அப்படியும் பிளேஆஃபுக்குள் நுழைய 2025 வரை ஆனது. இடையில் அது வளர்த்த டியான் பிரெஸ்டியாவும் டாம் லிஞ்சும் ரிச்மண்ட் போய்க் கோப்பை வாங்கினார்கள்; ஸ்டீவன் மே மெல்பர்ன் போய் 2021-இல் வாங்கினார். ஒரு நட்சத்திரம் இருப்பது வேறு, பையன்கள் தங்கி ஆட விரும்பும் அணியாக இருப்பது வேறு. தோற்றுக்கொண்டே இருந்தால் 22 வயதில் எவனுக்கும் சொந்த ஊர் நினைப்பு வந்துவிடும்.

பிரிஸ்பேனுக்கு இது நன்றாகவே தெரியும். 2013 முடிவில் ஒரே மூச்சில் ஐந்து இளைஞர்கள் அந்த அணியை விட்டுப் போனார்கள். 2017-இல் கடைசி இடம். அப்போது புதிதாக வந்திருந்த கோச் கிறிஸ் ஃபேகன், முன்பு ஹாத்தோர்ன் கிளப்பில் பணியாற்றியவர். அங்கிருந்து அவர் கூட்டி வந்த ஆளைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள்: ஓய்வை அறிவித்துவிட்ட 33 வயது லூக் ஹாட்ஜ். நான்கு கோப்பை வென்றவர், அதில் மூன்றைக் கேப்டனாக.

ஹாட்ஜால் அந்த வயதில் வேகமாக ஓட முடியாது. ஆனால் தற்காப்பு வரிசையில் நின்றுகொண்டு, யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது முன்னே வர வேண்டும் என்று கத்திக்கொண்டே இருக்க முடியும். கோச் இருப்பது மைதானத்துக்கு வெளியே. அவர் சொல்வது ஓட்டப்பணியாள் வழியாக வந்து சேர்வதற்குள் கோல் விழுந்துவிடும். பக்கத்திலேயே ஒருவர் சொன்னால் கதை வேறு. அப்போது 21 வயதான ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் அந்த வரிசையில்தான் ஆடினார். பிறகு 2024 கோப்பையை வென்றபோது பிரிஸ்பேனின் இணைக் கேப்டன் அவர்.

இந்த வழியின் சிக்கல் என்னவென்றால், பலன் உடனே பட்டியலில் தெரியாது. 2017-இல் 5 வெற்றி. ஹாட்ஜ் வந்த 2018-இலும் அதே 5. நிர்வாகம் பொறுமை இழந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தோல்விகளில் பல சின்ன வித்தியாசத்தில் வந்தவை என்பதைக் கவனித்தார்கள். 2019-இல் நடுக்கள ஆட்டக்காரர் லாக்கி நீலும் சேர்ந்தார். 16 வெற்றி, இரண்டாம் இடம்.

மூன்றாவது ஜீலாங். அவர்கள் அடியோடு இடித்துக் கட்டுவதே இல்லை. 2007-இலிருந்து 2025 வரை பிளேஆஃபைத் தவறவிட்டது 2015, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும். 2022 இறுதிப் போட்டியில் சிட்னியை 81 புள்ளியில் நொறுக்கியது லீக் வரலாற்றிலேயே மிக வயதான அணி. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் ஐசக் ஸ்மித்துக்கு 33 வயது. அந்தக் கூட்டத்திலும் 21 வயது சாம் டி கோனிங் தற்காப்பில் நின்று தப்பில்லாமல் ஆடினார். சுற்றிலும் அனுபவசாலிகள் இருந்தால் பையனுக்குத் தன் வேலையை மட்டும் பார்த்தால் போதும். பார்க்க அழகான முறை. ஆனால் ஏற்கெனவே நன்றாக இருக்கிற அணிக்குத்தான் இது வேலை செய்யும். கடைசி இடத்தில் கிடக்கும் அணி முதியவர்களைச் சேர்த்துக்கொண்டே போனால் பத்தாவது இடத்துக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடும். நல்ல டிராஃப்ட் தேர்வும் கைக்கு வராது.

என்னைக் கேட்டால், கீழே கிடக்கும் அணிக்கு பிரிஸ்பேன் வழிதான். பையன்களை இறக்குங்கள், நிறையவே இறக்குங்கள். ஆனால் தற்காப்பில் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர் என மூத்தவர்கள் சிலரை விட்டுவையுங்கள். ஓய்வறையில் அறிவுரை சொல்ல மட்டும் வைத்தால் பிரயோசனம் இல்லை, களத்தில் நிற்க வேண்டும். எல்லாப் பையனையும் எல்லா வாரமும் ஆட வைக்க வேண்டியதும் இல்லை. ஒரு படி கீழே உள்ள மாநில லீக்கில் ஒரு பருவம் ஆடிவிட்டு வந்தால் குடி முழுகிப் போகாது. உயரமான ஆட்டக்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும், அவர்கள் உடம்பு தேற வருடங்கள் ஆகும்.

இப்போது கவனிக்க வேண்டிய அணி ரிச்மண்ட். 2024-இல் இரண்டே வெற்றி, கடைசி இடம். டஸ்டின் மார்ட்டின் ஓய்வு பெற்றார். ஷாய் போல்டன், டேனியல் ரியோலி, லியாம் பேக்கர், ஜாக் கிரஹாம் வேறு அணிகளுக்குப் போனார்கள். பதிலுக்கு முதல் தேர்வு சாம் லாலர் உட்பட ஒரு கூட்டம் பையன்கள் வந்தார்கள். பார்த்ததும் மெல்பர்ன் கதைதான் நினைவுக்கு வரும். ஆனால் 2025-இன் முதல் ஆட்டத்தில் 41 புள்ளி பின்தங்கியிருந்து கார்ல்டனை 13 புள்ளியில் வென்றார்கள். டோபி நான்கெர்விஸ், நிக் விளாஸ்டுயின், அப்புறம் கோல்ட் கோஸ்டிலிருந்து வந்த அதே பிரெஸ்டியா, லிஞ்ச் எல்லோரையும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு 5 வெற்றி, 17-ஆம் இடம். பிரிஸ்பேனின் 2018 கணக்கும் 5 வெற்றிதான். இந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக விலகும்போது அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவருகிறார்கள் என்பதை வைத்துத்தான் ரிச்மண்டை எடைபோட வேண்டும்.