நோட்டரி முத்திரைக்கு வங்கியா, கிரெடிட் யூனியனா?

கையெழுத்து உங்களுடையதுதான் என்று சான்று சொல்லும் நோட்டரி முத்திரைக்கு அமெரிக்காவில் பலரும் முதலில் போவது தங்கள் வங்கிக்குத்தான். கணக்கு இருந்தால் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. வெளியே போனால் கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலர்வரை வாங்கச் சட்டம் இடம் தருகிறது. வங்கிக்குக் கிளைகள் அதிகம். ஆனால் எல்லாக் கிளையிலும் நோட்டரி இருக்கமாட்டார். போன் போட்டு நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.

கிரெடிட் யூனியன் என்பது உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி. அதில் கிளைகள் குறைவு, உறுப்பினராகவும் இருக்கவேண்டும். கிளைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டால் பக்கத்து ஊரின் வேறொரு யூனியனில் பணம் எடுக்க முடிகிறதே என்று அங்கேயே நோட்டரியையும் எதிர்பார்க்கக் கூடாது. ஏற்கெனவே உறுப்பினர் என்றால் நான் முதலில் இங்கேதான் கேட்கச் சொல்வேன். காகிதத்தை நிதானமாகப் பார்ப்பார்கள்.

உயில் என்றால் இரண்டு இடத்திலும் கையை விரிக்க வாய்ப்புண்டு. சாட்சிக்கு ஆள் தேவைப்பட்டால் நீங்களே கூட்டிப்போவது நல்லது. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நோட்டரி கண்ணெதிரே போடச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ காலாவதியாகாமல் இருக்கட்டும்.

இந்தியாவில் இருக்கும் வீட்டுக்குப் பவர் பத்திரம் கொடுப்பவர்களுக்கு இந்த முத்திரை மட்டும் போதாது. அப்புறம் அமெரிக்க மாநில அரசின் அப்போஸ்டில்லோ (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று) இந்தியத் தூதரகச் சான்றோ வாங்கவேண்டியிருக்கும்.